உருளைக்கிழங்கு ஏன் பசையாகிறது?

நெதர்லாந்தின் வாகனிங்கனில் படிக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ஒருநாள் ‘ஸ்டாம்பாட்’ செய்து கொடுத்தாராம். வெந்த உருளைக்கிழங்கையும் கேல் இலையையும் சேர்த்து மசித்தது, பூப்போல உதிர்ந்ததாம். “அடுத்த வாரம் அதே கடையில் அதே கிழங்கை வாங்கி வேகவைத்தேன். மசிக்கும் கருவி இல்லாததால் ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியில் அடித்தேன். கரண்டியைத் தூக்கினால் நூல்போல இழுக்கிறது, வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு நடந்தது?”

தப்பு மிக்சியில்தான் நடந்தது. ஏன் என்று சொல்வதற்கு முன் அந்த உணவைப் பற்றி நாலு வார்த்தை.

டச்சு மொழியில் ‘ஸ்டாம்பன்’ என்றால் இடிப்பது, குத்துவது. ‘பாட்’ என்றால் பானை. குளிர்காலம் வந்துவிட்டால் அந்த நாட்டு வீடுகளில் இதுதான் இரவுச் சாப்பாடு. ‘பூரன்கோல்’, அதாவது உழவர் கோஸ் என்று அவர்கள் சொல்லும் கேல் இலையைப் பொடியாக நறுக்கி, உருளைக்கிழங்கின் மேல் குவித்து ஒரே பானையில் வேகவைத்து, பால், வெண்ணெய் விட்டு மசித்து, பக்கத்தில் புகையூட்டிய சாசேஜ் வைப்பார்கள். அன்டைவி என்ற கசப்புக் கீரையைப் பச்சையாகவே நறுக்கிக் கடைசியில் கலப்பதும் உண்டு. கேரட், வெங்காயம் போட்டால் அதற்கு ‘ஹட்ஸ்பாட்’ என்று பெயர். லைடன் நகரத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று ஹட்ஸ்பாட் சாப்பிடுகிறார்கள். 1574இல் ஸ்பானியப் படை முற்றுகையைக் கைவிட்டு ஓடியபோது, அவர்கள் விட்டுச்சென்ற பானையில் இந்த உணவு இருந்தது என்பது அவர்கள் சொல்லும் கதை. அந்தப் பானையில் உருளைக்கிழங்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. நெதர்லாந்தின் அன்றாடச் சாப்பாட்டில் அது இடம்பிடித்தது 18ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, கிழங்குக்கு வருவோம்.

உருளைக்கிழங்கை நறுக்கிய கத்தியைக் கழுவாமல் காயவிட்டால் வெள்ளையாக ஒரு பொடி படியும். அது ஸ்டார்ச் மணிகள். துணி வியாபாரியாக இருந்து நுண்ணோக்கியில் உலகத்தையே வேறுவிதமாகப் பார்த்த லேவன்ஹூக், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்டார்ச் மணிகளைப் பார்த்து எழுதிவைத்தார். அவரும் டச்சுக்காரர்தான், டெல்ஃப்ட் நகரம்.

இந்த மணிகள் கிழங்கில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. கிழங்கு முழுக்க செல்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவு. ஒவ்வொரு செல்லும் சுவர் கொண்ட ஒரு பை, பைக்குள் ஸ்டார்ச் மணிகள். ஒரு பையையும் அடுத்த பையையும் ஒட்டிவைத்திருப்பது பெக்டின். பழ ஜாமை இறுகவைக்கிறதே, அதே பொருள்.

இப்போது அடுப்பை மூட்டுங்கள். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில், பைக்குள் இருக்கும் மணிகள் தண்ணீரை உறிஞ்சத் தொடங்குகின்றன. மணிக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்த ஸ்டார்ச் சங்கிலிகள் குலைந்து, நெகிழ்ந்து, ஊதிப்போய், பை முழுவதையும் கெட்டியான கூழாக நிரப்பிவிடுகின்றன. தட்டையான முகங்களோடு நெருங்கி நின்ற செல் உருண்டையாகப் பார்க்கிறது. அப்புறம், தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது இரண்டாவது வேலை நடக்கிறது. செல்களுக்கு இடையில் இருந்த பெக்டின் துண்டுதுண்டாகிக் கரைகிறது. உள்ளே கெட்டிப்படுகிறது, வெளியே பிடி தளர்கிறது. கிழங்கு ‘வெந்துவிட்டது’ என்று குத்திப் பார்த்துச் சொல்கிறோமே, அந்தக் கணத்தில் நம் கத்தி பெரும்பாலும் செல்களை வெட்டுவதில்லை. இரண்டு செல்களுக்கு இடையே நுழைந்து போகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

புளிக்குழம்பில் போட்ட கிழங்கு வேக அதிக நேரம் எடுப்பதும் இதனால்தான். புளிப்பில் பெக்டின் உடைவது மெதுவாகிறது, செல்கள் ஒன்றையொன்று விடுவதில்லை.

நெதர்லாந்து வீடுகளில் இருக்கும் ‘ஸ்டாம்பர்’ ஒரு கைப்பிடியும், அடியில் வளைந்த கம்பியோ துளையிட்ட தட்டோ மட்டும் கொண்ட கருவி. மேலிருந்து கீழே அமுக்கினால், ஏற்கெனவே பிடி தளர்ந்த செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. பைகள் கிழிவதில்லை. லட்சக்கணக்கான குட்டிப் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அதனதன் கூழ் பத்திரமாக. நாக்கு அதைத்தான் பூப்போல என்று உணர்கிறது. சூடு ஆறுவதற்குள் மசிக்க வேண்டும் என்று சொல்வதும் சரியே. ஆறினால் ஸ்டார்ச் இறுகும், செல்களுக்கிடையே மிச்சமிருக்கும் பெக்டினும் மறுபடி கெட்டிப்படும். அப்போது அமுக்கினால் விலகுவதற்குப் பதில் பை கிழிகிறது.

மிக்சியின் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. அதன் முன் செல்சுவர் தாக்குப்பிடிக்காது. பைகள் கிழிந்து உள்ளே இருந்த கூழ் முழுவதும் வெளியே கொட்டுகிறது. நீண்ட ஸ்டார்ச் சங்கிலிகள் தண்ணீரில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சுவரொட்டி ஒட்ட மைதா மாவைக் காய்ச்சுவார்களே, வேதியியல்படி அந்தப் பசைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நெதர்லாந்தின் வடகிழக்கில், வேன்டாமில் 1919 முதல் இயங்கும் அவேபெ என்ற உழவர் கூட்டுறவு இதையே தொழிலாகச் செய்கிறது. கிழங்கைத் துருவி, செல்களை உடைத்து, ஸ்டார்ச்சைப் பிரித்து, காகிதத்துக்கும் பசைக்கும் உணவுக்கும் விற்கிறது. வாசகி தன் சமையலறையில் கிட்டத்தட்ட அந்த ஆலையின் முதல் வேலையைச் செய்திருக்கிறார்.

கிழங்கின் ரகமும் முக்கியம். டச்சுக் கடைகளில் பையின் மேலேயே ‘க்ரௌமிக்’ என்று எழுதியிருக்கும்; உதிரும் கிழங்கு என்று அர்த்தம். அதில் ஸ்டார்ச் அதிகம், செல்கள் எளிதாகப் பிரியும். ஸ்டார்ச் குறைந்த மெழுகுக் கிழங்கின் செல்கள் ஒட்டியே இருக்கும். சாலடுக்கு நல்லது, இதற்கு ஆகாது. பெயர் எழுதாத கிழங்காக இருந்தால் ஒரு கப் உப்பை 11 கப் தண்ணீரில் கரைத்து அதில் போட்டுப் பாருங்கள். மாவுக் கிழங்கு அடர்த்தியானது, மூழ்கும். மெழுகுக் கிழங்கு மிதக்கும். ரகங்களைப் பற்றிச் சொல்லும்போது பின்ட்யேவை விட மனமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீஸ்லாந்து கிராமப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வளர்த்தெடுத்த ரகம் அது. பெயர், அவரிடம் படித்த ஒரு மாணவியினுடையது.

செல்களைக் கிழியாமல் காப்பாற்றும் தந்திரம் ஒன்றும் இருக்கிறது. கிழங்கை முதலில் 70 டிகிரி வாக்கில் இருபது, முப்பது நிமிடம் வைத்து, குளிரவிட்டு, பிறகு கொதிக்கவைப்பது. அந்த வெப்பத்தில் கிழங்கில் உள்ள ஒரு நொதி பெக்டினை மாற்றி, கால்சியத்தோடு இறுகப் பிணையவைக்கிறது. குளிரும்போது செல்லுக்குள் ஸ்டார்ச் திடப்படுகிறது. அப்புறம் பலமாகக் கையாண்டாலும் கூழ் அவ்வளவாக வெளியேறாது. வெந்நீர் ஊற்றினால் மசியலாகும் உருளைச் செதில்கள் இந்த முறையில்தான் சாத்தியமாயின. 1950களில் அதை உருவாக்கியது பிலடெல்பியா அருகே இருக்கும் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம். ஒரு அரசு தன் மக்களின் பணத்தில் மசித்த கிழங்கை ஆராய்ந்திருக்கிறது என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். சமையலறைக் கேள்விகள் என்றால் ஆராய்ச்சி நிதி தருவோர் இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டிலும் இருக்கிறது, அது மாற வேண்டும். தினமும் கோடிக்கணக்கானவர்கள் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வதைவிட அவசரமான அறிவியல் அதிகம் இல்லை.

கடிதத்தின் கடைசியில் இன்னொரு கேள்வி: “உறைபனி விழுந்த பிறகுதான் கேல் ருசிக்கும் என்கிறார் அந்த அம்மா. மூடநம்பிக்கையா?” பாதிக்குமேல் உண்மை. குளிர் கூடும்போது செடி தன் இலைகளில் சர்க்கரையைச் சேர்க்கிறது. சர்க்கரை கரைந்த நீர் பூச்சியத்துக்குக் கீழே போய்தான் உறையும். செல்களுக்கு அது பாதுகாப்பு, நமக்கு இனிப்பு. அதற்கு உறைபனியே விழ வேண்டும் என்பதில்லை, பல நாள் தொடர்ந்த குளிர் போதும். ஆனால் பறித்த இலையை ஒருநாள் ஃப்ரீசரில் வைத்தால் அதே இனிப்பு வரும் என்று சிலர் நம்புகிறார்கள். அது வராது. சர்க்கரை செய்வது உயிருள்ள செடி. பழைய வழக்கு எதைக் கேட்டாலும் கையெடுத்துக் கும்பிடுவதும் தப்பு, உடனே தள்ளிவிடுவதும் தப்பு; இதைப்போல ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்க்கலாம்.

அடுத்த முறை, சகோதரி, மாவுக் கிழங்கு ஒன்றரை கிலோ, கேல் அரை கிலோ. வெந்ததும் தண்ணீரை வடித்து, வெறும் பானையை ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி ஈரத்தைப் போக்குங்கள். ஊரில் கீரை மசிக்கும் மத்து இருந்தால் அதுவே போதும், மேலிருந்து கீழே அமுக்குங்கள், கடைய வேண்டாம். சூடான பாலை விட்டு, கரண்டியால் ஒன்றிரண்டு முறை புரட்டுங்கள். தட்டில் குவித்து நடுவில் ஒரு குழி பறித்துக் குழம்பை ஊற்றுவது டச்சுக்காரர்களின் வழக்கம். செல்கள் முழுசாக இருந்தால் குழம்பு அவற்றின் இடுக்குகளில் மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம்.