பாட்டுக்குப் போன ஐந்து வெள்ளி

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அக்கா, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். கணவருக்கு வேலையிடத்தில் கால் முறிந்து மூன்று மாதமாகிறது. இழப்பீட்டு மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்காக, ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த 1-300 எண்ணுக்கு அழைத்தார். அதற்கென்றே 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) டாப்-அப் போட்டிருந்தார். மறுமுனையில் உடனே எடுத்துவிட்டார்கள். எடுத்தது இயந்திரம். ஒன்றை அழுத்தச் சொன்னது, அப்புறம் இரண்டை, அப்புறம் பாட்டு. இருபது நிமிடத்துக்குப் பக்கம் பாட்டு ஓடியது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

"பாட்டு கேட்டதுக்கே அஞ்சு வெள்ளி போச்சு தம்பி. ஆளே வரல."

1-300 என்றால் குறைந்த கட்டணம் என்றுதானே சொல்வார்கள், பிறகு எப்படி என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் அது தொலைபேசியின் வயிற்றுக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது.

முதலில், 1-300 என்பது எந்த ஊரின் எண்ணும் அல்ல. 05 என்றால் பேரா, 03 என்றால் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம். அந்த எண்களுக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. 1-300க்குப் பின்னால் இருப்பது ஒரு பதிவேடு மட்டும்தான். தோட்டத்துக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும். எந்த லயம் (வீட்டு வரிசை), எந்த வீடு என்பது தபால்காரருக்குத் தெரியாது, ஆபீஸ் எழுத்தரான கிராணிக்குத் தெரியும். தொலைபேசி நிலையமும் அப்படித்தான். 1-300 என்று பார்த்ததும் அழைப்பை அப்படியே நிறுத்திவைத்து, 'இது உண்மையில் யார்?' என்று தரவுத்தளம் ஒன்றைக் கேட்கும். இந்தக் கேள்வியும் பதிலும் நம் பேச்சு போகும் வழியில் போவதில்லை, சமிக்ஞைகளுக்கென்றே இருக்கும் தனி வலையில் போகின்றன. எந்த ஊரிலிருந்து அழைப்பு, மணி என்ன, எந்தக் கிளை திறந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, அந்தக் கிராணி ஒரு சாதாரண எண்ணைத் திருப்பித் தருவார். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1967இல் அழைப்பவருக்கு இலவசமான 800 எண்களைக் கொண்டுவந்தபோது இந்த வசதி இல்லை. எண்ணின் இலக்கங்களே இடத்தோடு கட்டப்பட்டிருந்தன. எண்ணைத் தரவுத்தளத்தில் தேடும் முறைக்கு அந்நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராய் வெபர் 1980இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் எண்ணும் இடமும் பிரிந்தன.

அப்புறம் காசு. கிராணி எண்ணோடு இன்னொன்றையும் சொல்கிறார்: பில் யாருக்கு. 1-800 என்றால் முழுவதும் அழைக்கப்படுபவருக்கு. 1-300 என்றால் பாதியில் வெட்டு: அழைப்பவர் உள்ளூர்க் கட்டணம் மட்டும் கட்டுவார், மீதித் தூரத்துக்கான காசை அலுவலகம் கட்டும். வீட்டுத் தொலைபேசி காலத்தில் இது பெரிய சலுகை. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் பேசுவது வெளியூர் அழைப்பு. ஊர்களை இணைக்கும் கம்பிகள் குறைவு, அதனால் தூரத்துக்கு ஏற்ப விலை. தோட்டத்து மக்கள் தலைநகர் அலுவலகத்தோடு பக்கத்து ஊரான ஈப்போவுக்குப் பேசும் விலையில் பேச முடிந்தது என்றால், அந்த எண்ணை வடிவமைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அக்காவிடம் வீட்டுத் தொலைபேசி இல்லை. எங்கள் வரிசையில் ஒரு வீட்டிலும் இல்லை.

கைப்பேசிக்கு உள்ளூர், வெளியூர் என்ற பேச்சே கிடையாது. ஈப்போவும் ஒன்று, ஜொகூர் பாருவும் ஒன்று. ஆகவே 'உள்ளூர்க் கட்டணம்' என்ற வாக்குறுதி கைப்பேசியில் எதன் மேலும் ஒட்டாமல் தொங்குகிறது. கைப்பேசி நிறுவனத்தின் பார்வையில் 1-300 ஒரு 'சிறப்பு எண்'. எல்லா எண்களுக்கும் அளவில்லாமல் பேசலாம் என்று விளம்பரப்படுத்தும் பல திட்டங்களில், பொடி எழுத்தில் இந்தச் சிறப்பு எண்களைத் தனியாக ஒதுக்கியிருப்பார்கள். கோலாலம்பூரின் சாதாரண 03 எண்ணோ அந்த அளவில்லாப் பேச்சுக்குள் அடங்கிவிடும். அன்றைக்கு மலிவாக இருந்தது இன்றைக்குக் காசு, அன்றைக்குக் காசாக இருந்தது இன்றைக்குச் சும்மா. அரசாங்கத்தின் பொது அழைப்பு மையம் 03-8000 8000 என்ற சாதாரண எண்ணிலேயே இருப்பது, இந்தக் கணக்கில் பார்த்தால் நல்லதுதான்.

சரி, யாருமே பேசாதபோது காசு எப்படிப் போனது? மணி அடித்துக்கொண்டிருக்கும் வரை கட்டணம் இல்லை. மறுமுனை எடுத்ததும் 'எடுத்தாயிற்று' என்ற ஒரு சிறு சமிக்ஞை வலையில் திரும்பி ஓடி வரும். மீட்டர் அந்த நொடியில் ஆரம்பிக்கிறது. எடுத்தது ஆளா இயந்திரமா என்று அதற்குத் தெரியாது. முன்கட்டண சிம்மில் நிறுவனம் உங்கள் மீதியிலிருந்து சிறிது சிறிதாக ஒதுக்கி எடுத்துக்கொண்டே போகும். ஒதுக்க ஒன்றும் இல்லாதபோது அழைப்பை வெட்டிவிடும். அக்காவுக்கு லைன் 'அறுந்தது' என்று தோன்றியது. கணக்கு முடிந்தது என்பதுதான் விஷயம்.

அந்தச் சமிக்ஞையைத் தாமதமாக அனுப்பவும் முடியும். ஆள் வரும் வரை 'எடுத்தாயிற்று' என்று சொல்லாமலே பாட்டையோ அறிவிப்பையோ ஒலிக்கவிட வலையில் வழி உண்டு. ஜெர்மனி சட்டமே போட்டது: 2012இல் தொடங்கி, 2013 ஜூன் முதல் முழுமையாக, கட்டணச் சிறப்பு எண்களில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 0845 எண்கள் முதலில் 'உள்ளூர்க் கட்டணம்' என்றுதான் விற்கப்பட்டன. கைப்பேசி வந்ததும் நம் கதையேதான், இன்னும் மோசமாக. அரசு அலுவலகங்களின் கூடுதல் கட்டண எண்களுக்கு அழைத்தவர்கள் 2012-13 ஆண்டில் மட்டும் 5.6 கோடி பவுண்டு கட்டியதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. அதில் கணிசமான பங்கு வெறும் காத்திருப்புக்கு. மாற்று ஏற்கெனவே கைவசம் இருந்தது. 2007இல் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை ஆணையம் 03 என்று தொடங்கும் எண்களைத் திறந்தது. (நம் ஊர் 03 அல்ல, தற்செயலாக அதே இலக்கம்.) அந்த எண்ணும் ஓர் ஊருக்குச் சொந்தமில்லை, அதற்கும் ஒரு கிராணி உண்டு. ஆனால் விதி கறார்: சாதாரண ஊர் எண்ணுக்கு என்ன விலையோ அதற்கு மேல் வாங்கக் கூடாது, கைப்பேசித் திட்டத்தின் இலவச நிமிடங்களில் சேர வேண்டும், அழைப்புப் பணத்தில் அலுவலகத்துக்குப் பங்கு கூடாது. வரித் துறை 2013இல் 0845ஐ விட்டு 0300க்கு மாறியது. இங்கிலாந்தின் மருத்துவ ஆலோசனை எண்ணோ 0845இலிருந்து முழு இலவசமான 111 ஆனது. நம் நாட்டிலும் பிரிட்டனிலும் தொழில்நுட்பம் ஒன்றேதான். விலையை எதோடு சேர்த்துக் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இருபது நிமிடக் காத்திருப்பு மட்டும் ஏன்? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் அழைப்பு மையங்களில் பயன்படுகின்றன. ஒரு சின்ன அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரி 22 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 5 நிமிடம், பதில் சொல்ல இரண்டு பேர். இரண்டு பேரால் மணிக்கு 24 அழைப்பு முடிக்க முடியும், போதும்போலத் தெரிகிறது. எர்லாங்கின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: சராசரிக் காத்திருப்பு 26 நிமிடம். அழைப்புகள் வரிசையாக வருவதில்லையே, கொத்துக் கொத்தாக வருகின்றன. ஒருமுறை தேங்கினால் வடிய இடமில்லை. மூன்றாவதாக ஒருவரை உட்கார வைத்தால்? ஒன்றரை நிமிடம் சொச்சம். நம்ப முடியாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அந்த மூன்றாவது ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் அலுவலகம், அதை அழைப்பவர்களின் டாப்-அப்பில் தள்ளிவிடுகிறது.

அக்காவிடம் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில், முகவரிக்குக் கீழே, கிளை அலுவலகத்தின் 05 எண் பொடி எழுத்தில் இருந்தது. அவருடைய மகன் திட்டத்தில் சாதாரண எண்களுக்கு அளவில்லாப் பேச்சு. அவன் கைப்பேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். அதே பாட்டு. பதினோராவது நிமிடத்தில் ஒரு பெண் எடுத்து, மனு எண்ணைச் சொல்லுங்கள் என்றார். அக்கா அவசர அவசரமாகக் கண்ணாடியைத் தேடினார்.