கேஸ்கட்: கயிறாகப் பிறந்த சொல்

"ஹெட் கேஸ்கட் போயிடுச்சு" என்று மெக்கானிக் சொன்னால் வண்டிக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். தண்ணீர் கலந்த ஆயில், பால் அதிகம் விட்ட டீ போல நுரைத்து வெளுத்திருக்கும். என்ஜினின் சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உட்கார்ந்து, எரியும் வாயு, ஆயில், தண்ணீர் மூன்றையும் அதனதன் வழியில் போகவைப்பது இந்த மெல்லிய தகடுதான். பட்டறையில் இதைப் 'பேக்கிங்' என்றும் சொல்வார்கள்.

கேஸ்கட் முதலில் கப்பல்காரர்களின் சொல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், சுருட்டிய கப்பல் பாயைக் கட்டும் சிறு கயிற்றுக்கு அந்தப் பெயர். பிரெஞ்சில் மெல்லிய கயிற்றைக் குறிக்கும் 'கார்செத்' அதன் மூலம் என்று கருதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குச் சிறுமி என்றும் பொருள் உண்டு. நீராவி என்ஜின் வந்ததும் பிஸ்டனைச் சுற்றி ஆவி கசியாமல் சணல் கயிற்றைத் திணித்தார்கள். கயிற்றின் பெயர் அடைப்புக்கு ஒட்டிக்கொண்டது. நம் தோணிகளிலும் பலகை இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் 'கலப்பத்து' வேலை உண்டு.

கயிறு போய் வேறு பொருள்கள் வந்ததற்குக் காரணம் வெப்பம். சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முன்பு செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்தார்கள். சூட்டை நன்றாகவே தாங்கியது. ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு எமன், அதனால் கைவிட்டார்கள். தனிச் செம்புத் தகடு வெப்பத்தை வேகமாகக் கடத்தும். ஒருமுறை இறுக்கினால் கெட்டிப்படும். சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகும். கிராஃபைட் மென்மையானது, ஹெட்டின் முகத்தில் சிறு கீறல் இருந்தாலும் நிரப்பிவிடும். பழைய என்ஜினுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் காற்றுப்படும் இடத்தில் 450 டிகிரிக்கு மேல் போனால் அது அரிபடத் தொடங்கும். அதனால் சிலிண்டர் வாயோரம் எஃகு வளையம் கட்டுவார்கள்.

இப்போதைய என்ஜின்களில் பெரும்பாலும் அடுக்கு எஃகுதான், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மெல்லிய எஃகுத் தகடுகள். அலுமினிய ஹெட், வார்ப்பிரும்பு பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரி சூடேறினால் அலுமினியம் மீட்டருக்கு 2.3 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1.1 மி.மீ.தான். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரண்டும் கேஸ்கட்டின் மேல் தேய்கின்றன. எஃகு அடுக்குகள் ஸ்பிரிங்கைப் போல அமுங்கி எழுந்து அந்த அசைவைத் தாங்கும். ஹெட்டின் முகம் மட்டும் நன்றாக வழவழப்பாக இருக்கவேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? செய்யப்படும் பொருளை வைத்துப் பெயரிட்டால் அந்தப் பொருள் மாறும்போது பெயர் பொய்யாகும். 'அடைப்பான்' என்றால் புட்டி மூடியும் அதுவே. என் தேர்வு 'அடைப்பிதழ்'. அடைப்பது அதன் வேலை, இதழ் அதன் வடிவம். அடுக்கு எஃகைப் 'பல்லிதழ் எஃகு' என்றால் அதற்கும் பொருந்துகிறது. பட்டறையில் 'ஹெட் அடைப்பிதழ்' என்று கலந்து சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.