உணவுக்குழாய்க் கட்டி: "ஏன் டாக்டர், சதை எடுத்துப் பார்க்கலை?"

நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோபி செய்யப் போய், உணவுக்குழாயில் கட்டி என்ற ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் உண்டு. கூட வரும் மகனுக்கோ மருமகளுக்கோ ஒரே கோபம்: "பயாப்சி கூட எடுக்காம அனுப்பிட்டாங்க டாக்டர்!" பல நேரங்களில் அனுப்பியவர் செய்ததுதான் சரி.

புற்றுநோய் பெரும்பாலும் குழாயின் உள்தோலில் தொடங்கும். புண்ணாக, கரடுமுரடாகத் தெரியும். அதில் பயாப்சி கட்டாயம். லியோமயோமா அப்படியல்ல. அது சுவரின் தசையில் வளரும் சாதுவான கட்டி. மேலே உள்தோல் வழவழப்பாக, முழுசாக இருக்கும். அங்கே கிள்ளி எடுத்தால் தோல்தான் வரும், கட்டி வராது. கிள்ளிய இடம் ஆறும்போது தோல் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சையில் பிரிக்கும்போது கிழிந்துவிடலாம்.

இதற்கு உதவுவது எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட், அதாவது எண்டோஸ்கோபி முனையிலிருந்தே ஒலி அலையால் சுவரைப் படம்பிடிக்கும் ஸ்கேன். குழாய்ச் சுவர் ஐந்து அடுக்காகத் தெரியும். நான்காவது, அதாவது தசை அடுக்கில், ஒரே சீரான கருமையாக இருந்தால் லியோமயோமா என்று கருதலாம். புற்றுநோயாக நடந்துகொள்ளக்கூடிய ஜிஸ்ட் என்ற கட்டியும் இதே போலத் தெரியும் என்பதுதான் சிக்கல். இரைப்பையில் ஜிஸ்ட் அதிகம், உணவுக்குழாயில் லியோமயோமாதான் அதிகம். சந்தேகம் வலுத்தால் அல்ட்ராசவுண்ட் வழியே ஊசி போட்டு எடுத்து, சி.டி.117, டெஸ்மின் என்ற புரதங்கள் அதில் உள்ளனவா என்று காட்டும் சோதனைகளால் பிரித்தறியலாம். முடிவு சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டுமே ஊசி போடுவது என் வழக்கம்.

சிறியதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் பார்த்தாலே போதும். விழுங்கச் சிரமம், நெஞ்சுவலி இருந்தாலோ, கட்டி வளர்ந்தாலோ எடுத்துவிடலாம். மார்பில் சிறு துளைகள் போட்டு, தசையைப் பிளந்து கட்டியை மட்டும் உரித்தெடுப்போம். உள்தோலில் ஓட்டை இல்லையே என்று முடிப்பதற்குள் காற்றுச் செலுத்திப் பார்ப்போம். சிறிய கட்டிகளை எண்டோஸ்கோபியிலேயே தோலுக்கடியில் சுரங்கம் போட்டும் எடுக்கிறார்கள். குழாயைச் சுற்றி வளைத்த பெரிய கட்டிக்குத்தான் குழாயையே எடுக்க நேரும்.

அப்புறம், குழாய் நெடுகப் பரவலாகத் தடிப்பு இருக்கும் இளம் வயதினரிடம் குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு, காது கேளாமை உண்டா என்று கேட்பேன். ஆல்போர்ட் என்ற பரம்பரை நோயோடு அது வருவதுண்டு.

சில வாரங்களிலேயே சோறு இறங்காமல், உடம்பு மெலிந்துகொண்டே போனால் லியோமயோமாவாக இருக்கும் என்று காத்திருக்காதீர்கள். அந்த வேகம் இந்தக் கட்டிக்குக் கிடையாது. அந்த வாரமே எண்டோஸ்கோபி செய்யுங்கள்.