உருளையைக் கடைந்த இரும்புத் தண்டு

ஜேம்ஸ் வாட் தமது நீராவி எந்திரத்துக்கான அடிப்படை யோசனையை 1765இலேயே கண்டடைந்துவிட்டார் என்றால், அது வேலைக்கு வர 1776 வரை ஏன் ஆயிற்று என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பணமுடை ஒரு காரணம். வாட்டுக்கு முதலில் கைகொடுத்த ஜான் ரோபக் 1773இல் நொடித்துப்போனார். அதைவிடப் பெரிய தடை, பெரியதொரு இரும்பு உருளையின் உட்புறத்தைச் சீரான வட்டமாகக் கடைந்து தரும் கருவி இல்லாததுதான். அத்தடையை நீக்கிய ஜான் வில்கின்சனின் துளைப்பொறி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. கொதிக்கும் கெண்டியைச் சிறுவன் வாட் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கதைதான் நிலைத்திருக்கிறது.

தாமஸ் நியூகோமன் 1712இல் நிறுவிய எந்திரம் பள்ளிப் பாடம்: உருளைக்குள் நீராவியை நிரப்பிக் குளிர்நீரைப் பீய்ச்சினால், நீராவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகி, வளிமண்டல அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். ஒவ்வொரு வீச்சிலும் உருளை குளிர்ந்து மறுபடி சூடாக வேண்டியிருந்ததால் நிலக்கரி வீணாயிற்று; வாட் நீராவியைத் தனிக் கலத்தில் குளிரவைத்து அந்த விரயத்தைத் தவிர்த்தார். ஆனால், நியூகோமனின் எந்திரத்துக்கு ஒரு சலுகை இருந்தது. பிஸ்டனின் மேல் தேங்கி நின்ற நீர் இடைவெளிகளை அடைத்துக்கொண்டதால், உருளை சற்றுக் கோணலாக இருந்தாலும் எந்திரம் ஓடியது. உருளையை எப்போதும் சூடாகவே வைத்திருக்க வேண்டிய வாட்டுக்கு அந்த நீர் உதவவில்லை. எண்ணெயில் ஊறிய கந்தல், சணல், காகிதம் என எதைத் திணித்துப் பார்த்தும் நீராவி கசிந்தது.

பழைய துளைப்பொறிகளில் நீண்ட தண்டின் ஒரு முனையை நீர்ச்சக்கரம் சுழற்றும். மறுமுனையில் வெட்டுத்தலை இருக்கும். அதைத் தாங்க வேறெதுவும் இல்லாததால், அது தன் எடையோடு வார்ப்பின் அடிச்சுவரில் சாய்ந்தபடியே முன்னேறும். இதனால் வார்ப்பின் கோணலைத் திருத்த வந்த கருவி அந்தக் கோணலையே பின்பற்றிச் சென்றது. வில்கின்சன் 1774இல் பீரங்கிகளைத் துளைக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பீரங்கியின் ஒரு பக்கம் மூடியிருக்கும். நீராவி உருளையோ இரு பக்கமும் திறந்தது. அந்த வேறுபாட்டைத்தான் அவர் அடுத்த ஆண்டு வேல்ஸின் பெர்ஷாம் ஆலையில் பயன்படுத்திக்கொண்டார். உருளையை அசையாமல் கட்டிவைத்து, அதன் ஊடாகத் தடித்த தண்டு ஒன்றைச் செலுத்தி, இரு முனைகளையும் வெளியே தாங்கிகளில் பொருத்தினார். தண்டு சுழல, அதன் மேல் ஏறிய வெட்டுத்தலையும் உடன் சுழன்றபடி தண்டின் நீளத்தில் மெல்ல நகர்ந்து உட்சுவரைச் சீவியது.

இதன் அழகை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் வளைவோடு ஒப்பிட, அதே தண்டை இரு முனையிலும் தாங்கி நடுவில் அதே எடையை ஏற்றும்போது உண்டாகும் வளைவு 16இல் ஒரு பங்குதான். அந்தச் சிறு வளைவும் வட்டத்தைக் கெடுப்பதில்லை. வெட்டுமுனை தண்டின் அச்சைச் சுற்றியே வருவதால், ஒவ்வோர் இடத்திலும் அது சீவுவது வட்டமாகவே அமைகிறது. துளையின் நேர்மையை இனித் தீர்மானிப்பது தண்டே. வார்ப்பு எவ்வளவு கோணலாயினும் கவலையில்லை.

டிப்டன் சுரங்கத்துக்கான 50 அங்குல விட்ட உருளை, பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூட எங்கும் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் எழுதினார். இன்றைய பட்டறையில் அந்தப் பிசகைக் கண்டால் சிரிப்பார்கள்; அன்று, மிஞ்சிய இடைவெளியைச் சணலும் கொழுப்பும் அடைத்துக்கொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. எந்திரம் நியூகோமனுடையதைவிட மிகக் குறைந்த நிலக்கரியில் ஓடியது. 1780களில் சுழல் இயக்கமும் சேர்ந்தபின், நீர்ச்சக்கரத்தை நம்பியிருந்த நூற்பாலைகள் ஆற்றங்கரையை விட்டு விலக முடிந்தது. கோட்பாட்டுக்குப் பரிசும் நிதியும் தருபவர்கள் கருவிப் பட்டறைக்கான செலவைத் தண்டமாகக் கருதுவது எனக்கு ஒருபோதும் விளங்கியதில்லை. வாட்டின் யோசனை பத்தாண்டு முடங்கிக் கிடந்தது பட்டறையின் போதாமையால்தான்.

அடுத்த சுமார் 20 ஆண்டுகள் போல்டனும் வாட்டும் தங்கள் உருளைகளில் பெரும்பாலானவற்றை வில்கின்சனிடமே வாங்கினர். அவரோ காப்புரிமைத் தொகை கொடுக்காமல் வாட்டின் எந்திரங்களைத் தாமே இரகசியமாகச் செய்தும் வந்தார். சகோதரர் வில்லியமுடன் மூண்ட சண்டையில் இது அம்பலமான பிறகு, போல்டனும் வாட்டும் 1790களின் நடுவில் தங்களுக்கென்று ஒரு வார்ப்பாலையைக் கட்டிக்கொண்டனர்.