தொடை எலும்பு உடைஞ்சா 48 மணி நேரத் திட்டம் எதுவரைக்கும் வரும், ராடா பிளேட்டா?

ரோட்டுல அடிபட்டு தொடை எலும்பு உடைஞ்சா கட்டு போடுற எடத்துக்குப் போகாதீங்க, 108-க்கு போன் போடுங்க. வெளியில காயமே தெரியாம இருக்கலாம், ஆனா தொடைக்குள்ளயே ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் கசிஞ்சு நிக்கலாம்.

காசுக்கு பயந்து நேரத்தக் கடத்த வேண்டாம். தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்ல, திட்டத்துல இருக்கற தனியார்லயும்தான். மொதல்ல 1 லட்சம் வரைக்கும்னு இருந்தத அப்புறம் 2 லட்சமாக்கினாங்க. காப்பீட்டு அட்டை வேணும்னு இல்ல, வெளிமாநிலத்துக்காரரா இருந்தாலும் சரி, விபத்து தமிழ்நாட்டுக்குள்ள நடந்திருந்தா போதும்.

ஆனா தொடை ஆபரேஷன் எல்லாருக்கும் ரெண்டு நாளுக்குள்ள நடந்துடாது. எங்க சித்தப்பாவுக்கு நெஞ்சுலயும் அடி, அத சரி பண்ற வரைக்கும் கால்ல கயிறு கட்டி கட்டில் ஓரமா வெயிட் தொங்க விட்டிருந்தாங்க, மூணாம் நாள்தான் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போனாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால அங்கயே தொடர முடிஞ்சது, இல்லன்னா அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்துவாங்க, மாற வேண்டாம்னா நம்ம கைக்காசு.

அவருக்கு நடுத்தொடை முறிவு, நெயில் போட்டாங்க, நம்மாளுங்க ராடுன்னு சொல்றது அதத்தான். எலும்புக்குள்ள இருக்கற குழியில நீளமா கம்பிய இறக்கி மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு லாக் பண்றாங்க, உடைஞ்ச எடத்தப் பெருசா கிழிக்கறதில்ல, பாரம் எலும்புக்கு நடுவுலயே இறங்கறதால பெரும்பாலும் சீக்கிரமே கால் ஊன விடுவாங்க. முட்டிக்குப் பக்கத்துல உடைஞ்சு மூட்டுக்குள்ள விரிசல் ஓடியிருந்தா பிளேட்தான் அதிகம், அதுல எலும்பு கூடற வரைக்கும் பாரம் கொடுக்க பொறுமை வேணும். சதை கிழிஞ்சு மண்ணு ஏறியிருந்தா, இல்ல ஆள் நிலைமை மோசமா இருந்தா, மொதல்ல வெளிப்பக்கமா கம்பிச் சட்டம் மாட்டி நிறுத்திட்டு அப்புறம் மாத்துவாங்க. ஏன் இந்த முறை, எப்ப கால் ஊனலாம்னு டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க, கேக்கறது நம்ம உரிமை.

பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கத்துல தொடை எலும்போட கழுத்து உடைஞ்சா, இடுப்பு மூட்டுல இருக்கற பந்த மாத்தற ஆபரேஷன் வரலாம். அதுக்கு இந்த 48 திட்டம் வராது, ரோடு விபத்துக்கு மட்டும்தான். காப்பீட்டு அட்டைதான் கை கொடுக்கும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, வருமானச் சான்றோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துல இப்பவே எடுத்து வைங்க. சந்தேகத்துக்கு 1800 425 3993.