தட்டம்மை ஊசிக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?

பேரிடர் அபாயப் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து வரும் கேள்வி: "இந்த நாட்டுக்குப் பத்துக்கு ஆறு என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா?" கெட்டது. பரீட்சை மதிப்பெண் மாதிரி இல்லை. இங்கே எண் ஏற ஏற ஆபத்து. அந்த ஆறு எங்கிருந்து வருகிறது?

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் கணக்கிடும் 'இன்ஃபார்ம்' குறியீட்டையே பார்ப்போம். அதற்கு மூன்று தூண்கள். புயல், வெள்ளம், வறட்சி போன்றவை எத்தனை பேரைத் தொடும் என்பது ஒன்று. வறுமை, ஊட்டச்சத்துக் குறைவு, அகதிகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்த நலிவு இன்னொன்று. மூன்றாவது, சமாளிக்கும் திறன் எவ்வளவு குறைவு என்பது. இதற்குள் அரசு நிர்வாகம், ஊழல், எழுத்தறிவு, மின்சாரம், கைபேசி, சாலை, குடிநீர், கழிப்பறை, மருத்துவர் எண்ணிக்கை எல்லாம் வரும். தட்டம்மைத் தடுப்பூசியும் வரும். குளிர் குறையாமல் கடைசிக் கிராமத்துக் குழந்தைவரை ஊசியைக் கொண்டுபோக முடிகிற அரசால் அதே வழியில் அரிசியையும் தார்ப்பாயையும் கொண்டுபோக முடியும். அரசின் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை அந்த ஊசி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மருத்துவர் எண்ணிக்கையையும் சாலை நீளத்தையும் அப்படியே கூட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு வைத்து 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் பொருத்துவார்கள். உதாரணமாக, ஆயிரம் பேருக்கு 4 மருத்துவர் இருந்தால் பற்றாக்குறை 0, ஒருவருமே இல்லையென்றால் 10 என்று வைத்தால், 1 மருத்துவர் உள்ள நாட்டுக்கு 7.5. பணக் கணக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. தலைக்கு 50 டாலர் மருத்துவச் செலவு 100 ஆனால் ஊரே மாறும். 5,000 என்பது 5,050 ஆனால் யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் மடக்கை (எவ்வளவு கூடியது என்பதைவிட எத்தனை மடங்கானது என்பதைப் பார்க்கும் கணக்கு, லாகரிதம்) எடுத்துவிட்டுத்தான் அளவுகோலில் வைக்க வேண்டும். இதை மறந்தால் ஏழை நாடுகள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்துவிடும்.

இனிதான் விருந்து. மூன்று தூண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பதில்லை. பெருக்கிக் கனமூலம் எடுக்கிறார்கள். ஏன்? ஒரு நாட்டுக்கு 9, 5, 1. இன்னொன்றுக்கு 5, 5, 5. சாதாரண சராசரியில் இரண்டும் 5. பெருக்கினால் முதலாவது 45, கனமூலம் ஏறத்தாழ 3.6. இரண்டாவது 125, கனமூலம் 5. கடும் புயல் வரும் கரையானாலும் சமாளிக்கத் தெரிந்தால் ஆபத்து குறையும் என்பது இப்போதுதான் கணக்கில் ஏறுகிறது. புயலே எட்டாத பாலைவனத்துக்குப் புயல் இடர் 0. எதைப் பெருக்கினாலும் 0. கூட்டினால் இந்த நியாயம் கிடைக்காது. இன்னொரு அழகு: மூன்றாவது தூணை, அதாவது சமாளிக்கும் திறனின் பற்றாக்குறையை, 8-லிருந்து 4-ஆகக் குறைத்தால், மற்ற இரண்டும் என்னவாக இருந்தாலும் மொத்த ஆபத்து சுமார் 21 சதவீதம் இறங்கும், ஏனென்றால் பாதியின் கனமூலம் 0.79. புயலைத் தடுக்க முடியாத நாட்டிடமும் இந்த ஒரு திருகு இருக்கிறது.

ஆனால் திருகில் எழுதியிருக்கும் எண் சரியா? 2007 நவம்பரில் சிதர் புயல் வங்கதேசத்தைத் தாக்கியது. இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2008 மே தொடக்கத்தில் நர்கிஸ் மியான்மாரின் ஐராவதி கழிமுகத்தில் ஏறியது. இறந்தும் காணாமலும் போனவர்கள் சுமார் 1,38,000. அதே வங்காள விரிகுடா, அதே மாதிரி தாழ்வான கழிமுகம், இரண்டுமே ஏழை நாடுகள். சிதரின் காற்று இன்னும் பலமானதுகூட.

வித்தியாசம் 1970-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தபின், 1972-இல் வங்கதேசத்தில் புயல் ஆயத்தத் திட்டம் உருவானது. இன்று அதில் 76,000 தன்னார்வலர்கள். ஆபத்து கூடக் கூடக் கம்பத்தில் கொடி ஒன்று, இரண்டு, மூன்று என ஏறும். மெகாபோனோடு வீடு வீடாகப் போவார்கள். முதலில் கட்டிய தங்குமிடங்களில் பெண்களுக்குத் தனியிடமோ கழிப்பறையோ இல்லை, மாட்டைக் கட்ட இடமில்லை. மாட்டை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே இருந்தவர்கள் பலர். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள், அவர்களில் பெண்களே அதிகம். பிறகு வந்த கட்டடங்களில் இவற்றைச் சேர்த்தார்கள், கால்நடைக்கு மண்மேடு எழுப்பினார்கள். 2020-இல் அம்பான் வந்தபோது, கொரோனாவுக்கு நடுவிலும், சுமார் 24 லட்சம் பேரை நகர்த்தினார்கள்.

மெகாபோனுக்கும் மண்மேட்டுக்கும் பட்டியலில் தனிக் கட்டம் இல்லை. ஆயத்தத்துக்கென்று ஒன்று உண்டுதான். அதற்கான மதிப்பெண்ணை அரசுகளே தங்களுக்குப் போட்டுக்கொண்டு வந்தன. மாணவனே விடைத்தாளைத் திருத்துகிற கதை. மீதிக் கட்டங்கள் பெரும்பாலும் வருமானத்தின் நிழல்கள், அதனால் பணக்கார நாடு தானாகவே தேர்ச்சி பெறுகிறது. செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலையை எண்ணும் ஆய்வுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. தங்குமிடத்தின் சாவி இரவு இரண்டு மணிக்கு யாரிடம் இருக்கிறது என்று ஊர் ஊராய்ப் போய் விசாரிக்கும் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. இந்த நிலையில் தரவரிசையில் இரண்டு இடம் ஏறியதற்கும் இறங்கியதற்கும் தலைப்புச் செய்தி போடுவது ராசிபலன் வாசிப்பதோடு சேர்ந்ததுதான்.

இறந்தவர்களை, புயல் பாதையில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கலாமே? பார்க்கலாம், விளைவையே நேராக அளக்கும் வழி அது. ஆனால் பெரும்புயல் பத்தாண்டுக்கு ஒன்றிரண்டுதான் ஒரே கரையில் ஏறும். அவ்வளவு குறைந்த மாதிரியில், புயல் தள்ளிவரும் அலை கடல் ஏறும் ஓதத்தோடு வந்ததா கடல் இறங்கும் வற்றத்தோடு வந்ததா என்பதே விடையைப் புரட்டிவிடும். வெப்ப அலையில் இன்னும் மோசம்: வெயிலில் சுருண்டு விழுந்தவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் இருக்கும்.