ஓட்டை விழுந்த இலையைத் தேடுங்கள்

வண்ணத்துப்பூச்சிச் சூழலியல் வகுப்பு என்றால் முதல் நாளே மாணவர்கள் கேமராவும் கையுமாக வந்துவிடுவார்கள். அதைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, ஓட்டை விழுந்த இலையைத் தேடச் சொல்வேன். பறக்கிற பூச்சி எங்கிருந்தோ வந்து எங்கோ போகும். அது அங்கேதான் பிறந்து வளர்கிறதா என்பதைக் கடிபட்ட இலையைப் பார்த்தால்தான் தெரியும்.

எலுமிச்சை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். முட்டையிட வரும் பெண் பூச்சி ஒரு தளிரில் உட்கார்ந்து முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். காலாலேயே இலையை ருசி பார்க்கிறது! பிடிக்காவிட்டால் அடுத்த இலைக்குத் தாவும், பிடித்துவிட்டால் ஒரு முட்டை வைத்துவிட்டுக் கிளம்பும். பொரித்து வரும் புழு பறவை எச்சம் போலவே கிடக்கும், கடைசிப் பருவத்தில்தான் பச்சையாக மாறும். சீண்டிப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஓர் உறுப்பை வெளியே நீட்டும், கூடவே ஒரு நெடி. அந்த நெடியை முகர்ந்த மாணவருக்கு நான் தற்காப்புப் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை.

இதே புழுவை எருக்கிலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும். எருக்கைத் தின்று வளர்கிற புழுவுக்கு எலுமிச்சை ஆகாது. தேன் குடிக்க எந்தப் பூவானாலும் பரவாயில்லை, பிள்ளை வளர்க்கக் குறிப்பிட்ட செடிதான் வேண்டும். இலைகள் நஞ்சு சேர்ப்பதும் புழுக்கள் அதைச் சமாளிக்கப் பழகுவதுமாக நீண்ட காலம் நடந்த போட்டியில் வந்த பிணைப்பு இது என்று அமெரிக்க உயிரியலாளர்கள் பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் 1964இல் எழுதினார்கள். பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டு 'பட்டாம்பூச்சித் தோட்டம்' என்று பலகை மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணமும் இதுதான்.

சில இனங்களுக்குச் செடி மட்டும் இருந்தாலும் போதாது. பிரிட்டனில் 'லார்ஜ் ப்ளூ' என்ற நீலப் பூச்சி குறைந்துகொண்டே வந்தபோது, பூச்சி சேகரிப்பவர்கள்மேல் பழி விழுந்தது. வேலி கூடப் போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் உண்மையைக் கண்டுபிடித்தார். இதன் புழு சில வாரம் காட்டுத் தைம் என்ற செடியின் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். ஒரு வகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப் போகும். அங்கே புழு உட்கார்ந்து எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். அந்த எறும்புக்கோ வெயில் நன்றாகப் படும் சூடான மண் வேண்டும். மேய்ச்சல் குறைந்தது, ஒரு நோயால் முயல்களும் செத்தன, புல் உயர்ந்து மண் குளிர்ந்தது, எறும்பு போயிற்று. 1979இல் அந்தப் பூச்சி அங்கே அற்றுப்போனது. அப்புறம் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிழைத்துக்கொண்டது. மேயாமல் விட்ட புல்லால் ஒரு பூச்சி அழிந்தது என்றால் வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை.

ஆய்வில் நாங்கள் செய்வது பெரும்பாலும் நடப்பதுதான். ஒரே பாதை, ஒரே வேகம், வெயில் நாள், இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். அந்த எல்லைக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். எர்னஸ்ட் பொல்லார்டு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உருவாக்கிய முறை இது. 1976இல் பிரிட்டன் முழுக்க இப்படி எண்ணத் தொடங்கியது இன்றும் நடக்கிறது. அழகான பூச்சி எல்லைக்கு வெளியே பறந்தால் கணக்கில் வராது, மாணவர்களுக்கு மனசே கேட்காது. ஒன்றுமே வராத நாளில் பூஜ்யம் எழுதவும் தயங்குவார்கள். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் குறைகிறதா கூடுகிறதா என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் செடி வளர்ப்பவர்கள் மருந்து விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'இயற்கையானது' என்று விற்கும் பி.டி. பாக்டீரியா தெளிப்பும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களைக் கொல்லும். வாங்கும்போதே மருந்து ஏறிய நாற்றுகளும் உண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். எலுமிச்சைக் கன்று மொட்டையாகிவிடும் போலிருந்தால், புழுக்களை இலையோடு கிள்ளி அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மரம் ஒன்றில் வைத்துவிடலாம். வளர்ந்த மரத்துக்கு நாலு புழு ஒரு பொருட்டே இல்லை.